கிழியாத நோட்டு வரும்வரை

லசானே கிந்தோ, பர்னபே தோயேவுக்கு மூன்று லட்சம் பிராங்க் கடன்பட்டிருந்தார்.

பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, வட்டி கிடையாது. லசானே மோசி, பர்னபே சாமோ. இந்த இரண்டு இனத்தாரும் தாத்தன் பூட்டன் காலத்துக்கும் முன்னாலிருந்தே கேலிமுறைக்காரர்கள். மோசிக்காரன் "நாய்தின்னி" என்று கூப்பிட்டால் சாமோக்காரன் கோபப்படக் கூடாது. சாமோக்காரன் "கழுதைத்தலைக்கு அலையறவனே" என்றால் மோசிக்காரன் முகம் சுளிக்கக் கூடாது. நீ என் அடிமை என்று அவன் சொல்லலாம், இல்லை நீதான் என் அடிமை என்று இவன் சொல்லலாம். முதலில் கோபப்பட்டவன் தோற்றவன். அப்படி இரண்டு பேர் கடனுக்குப் பத்திரம் எழுதினார்கள் என்று தெரிந்தால் கூடுகூ ஊர்ச் சந்தையே காறித் துப்பும்.

பர்னபே உயிரோடு இருந்தவரைக்கும் அந்தக் கடன் ஊருக்கே ஒரு சிரிப்பாகத்தான் இருந்தது.

கூடுகூவில் லசானேயைத் தெரியாதவர் யாரும் இல்லை. இருந்தால் அவர் கறி தின்னாதவராக இருக்க வேண்டும். யாகோ பக்கத்துக் கிராமத்திலிருந்து பன்னிரண்டு வயதில் தலையில் விறகுக் கட்டோடு நடந்து வந்தவர். ரயில் நிலையத்துக்கு எதிரே கறி சுடுகிறவர் ஒருவரிடம் ஆறு வருஷம் சாம்பல் அள்ளினார். கம்பியில் கறி கோக்க விட்டது ஏழாவது வருஷம்தான். பிறகு எண்ணெய் பீப்பாய் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தான் வைத்துக்கொண்டு, மறுபாதியை விற்று அந்தக் காசில் முதல் ஆட்டை வாங்கினார். ஒரு பீப்பாயில் அடுப்பும் ஆடும் சம்பாதித்தவன் இந்த ஊரில் வேறு எவன் இருக்கிறான் என்று கேட்பார். பதில் சொல்ல ஆள் கிடையாது.

எழுதப் படிக்கத் தெரியாது. ஆட்டின் இடுப்பில் கை வைத்தால் எத்தனை கிலோ கறி தேறும் என்று சொல்லிவிடுவார். தராசு வைத்துப் பார்த்தால் அரைக்கிலோ கூட முன்னே பின்னே இருக்காது. அரசாங்க ஜீப்பில் வருகிறவர்களும் அவர் அடுப்பின் முன்னால் வரிசையில் நின்று, சிமெண்டுப் பைத் தாளில் கட்டிய கறியை நிலக்கடலைப் பொடியில் தோய்த்துத் தின்றுவிட்டுப் போவார்கள். தாயாரை மெக்காவுக்கு அனுப்பிவைத்தார். இதில் ஒரு பிராங்க் கூட எவனும் சும்மா கொடுத்ததில்லை என்று மார்தட்டுவார். அது உண்மைதான். சும்மா கொடுத்ததில்லை. கடனாகக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார்.

ஏழு வருஷத்துக்கு முன், புழுதிக் காற்று அடிக்கும் மாசத்தில் ஒரு பொறி பறந்து பந்தலில் விழுந்தது. கடை, விறகு, கட்டியிருந்த பதினோரு ஆடு எல்லாம் போயிற்று. மறுநாள் சாம்பலுக்கு நடுவில் லசானே குந்தியிருந்தார். சொந்தக்காரர்கள் வந்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். பஞ்சாலையில் முப்பது வருஷம் காவல்காரராக இருந்து அந்த வாரம்தான் ஓய்வு பெற்றிருந்த பர்னபே, தலையில் அதே காவல் தொப்பியோடு, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தார்.

"டேய் கழுதைத்தலை! இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தாண்டா உன் கடையில கறி சரியா வெந்திருக்கு."

லசானே தலை தூக்கவில்லை.

"உன் வாய்க்கு என்ன வந்துச்சு? அதுவும் வெந்துடுச்சா?" என்று சொல்லிக்கொண்டே பர்னபே ஒரு உறையை அவர் மடியில் போட்டார். ஆலையில் கொடுத்த கடைசிப் பணம். "எடுத்துக்க. என் அடிமை பட்டினி கிடந்தான்னு நாலு பேர் பேசினா எனக்குத்தாண்டா கேவலம்."

அந்தப் பணத்தில் லசானே மறுபடி எழுந்தார். ஒரு அடுப்பு இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று. பக்ரீத்துக்கு நாற்பது ஆடு வாங்கி விற்கிற ஆளானார். நடுவில் ஆட்டு விலை ஏறியது, மகள் கல்யாணம் வந்தது. பர்னபே கேட்கவே இல்லை. கடைக்கு வருவார், "நாய்க்கறி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஆட்டு ஈரலை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார், போவார்.

ஐந்து வருஷம் கழித்து, இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, லசானே கடனை அடைக்க முடிவு பண்ணினார். அடைக்கிறதை மறைவாகச் செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை. தொழுகை முடிந்து கூட்டம் அடுப்பைச் சுற்றி நிற்கிற நேரமாகப் பார்த்து பர்னபேயை வரச் சொன்னார். புது நீல அங்கி போட்டிருந்தார். பால்மாவு டப்பாவைத் திறந்து, பத்தாயிரம் பிராங்க் நோட்டுக் கட்டை எடுத்தார். முப்பது நோட்டு.

"நாய்தின்னி, கையை நீட்டு. இந்த ஊர் பாக்கட்டும், மோசிக்காரன் கடனை எப்படித் திருப்புறான்னு."

நெருப்பின் முன்னால் நிற்கிறவன் பணம் வேறெப்படி இருக்கும்? எல்லா நோட்டிலும் கொழுப்பு, மிளகாய், கரி. மூன்றாவது நோட்டைப் பர்னபே இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நடுமடிப்பில் அது சத்தமில்லாமல் இரண்டாக வந்துவிட்டது.

கிழிந்த நோட்டை இந்த ஊரில் மிளகாய் விற்கிறவள் கூடத் தொடமாட்டாள்.

"அடப் பாவிகளா!" என்று பர்னபே ஊரைக் கூப்பிட்டார். "பாத்தீங்களா மோசிப் பணத்தை? என் கைக்கு வந்து சேர்றதுக்குள்ளயே செத்துப்போச்சு! இதை வெச்சு நான் என்னடா பண்றது, சூப்பு வைக்கிறதா? எடுத்துட்டுப் போடா. கிழியாத நோட்டா கொண்டுவா."

சிரிப்பு வெடித்தது. லசானேக்குக் காது சூடாயிற்று. ஆனால் கோபப்படக் கூடாதே. அந்த வாரம் முழுக்க வானொலியில் ஒரே பேச்சு. எட்டு நாட்டுக்கும் சேர்த்து நோட்டு அடிக்கிற பெரிய வங்கி புது மாதிரி நோட்டு பற்றி யோசிக்கிறதாம். உள்ளே பருத்திக் காகிதம், மேலும் கீழும் மெல்லிய பிளாஸ்டிக் தோல். நனையாது, கிழியாது. வரலாம், வராமலும் போகலாம், இன்னும் முடிவாகவில்லை என்று அறிவிப்பாளர் சொன்னதை ஊரில் யாரும் காதில் வாங்கவில்லை. வரும் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

லசானே இருபத்தேழு நோட்டையும் டப்பாவுக்குள் திருப்பிப் போட்டார். பர்னபே கையில் இருந்த இரண்டையும் பிடுங்கினார். கிழிந்ததையும் விடவில்லை.

"சரிடா நாய்தின்னி. உனக்குக் கிழியாத நோட்டுத்தானே வேணும்? அந்தப் பிளாஸ்டிக் நோட்டு வரட்டும். வர்ற அன்னைக்கு இதே எடத்துல, இதே ஆளுங்க முன்னாடி முப்பது நோட்டை உன் கையில எண்ணி வெப்பேன். நீ இழு, கடி, உன் நாய்ங்கள விட்டுக் கடிக்கச் சொல்லு, கிழியாது. அதுவரைக்கும் ஒத்தை பிராங்க் கிடையாது. இது லசானே வாக்கு!"

கூட்டம் கை தட்டியது. பர்னபே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, தொப்பியைக் கழற்றி லசானே தலையில் ஒரு போடு போட்டார். "ஒத்துக்கிட்டேன் அடிமை. உன்னைவிட அந்த வங்கிக்காரன் சீக்கிரம் குடுத்துடுவாண்டா."

அன்றைக்குப் பர்னபேக்குப் பணத்தேவை எதுவும் இல்லை. அதுதான் வினை.

கிழிந்த நோட்டை லசானே வங்கியில் கொடுத்து மாற்றிக்கொண்டார். முப்பதும் டப்பாவுக்குள் போயிற்று, டப்பா கரி மூட்டைக்குப் பின்னால் போயிற்று. அதிலிருந்து அவர் ஒரு நோட்டைக் கூட வெளியே எடுத்ததில்லை. பக்ரீத்துக்குக் கையில் காசு முடைப்பட்டபோது கூட அடுத்தவனிடம் போய் நின்றாரே தவிர அந்த டப்பாவைத் தொடவில்லை. கடனை விழுங்குகிற ஆள் இல்லை அவர். அவருக்கு வேண்டியிருந்தது அந்த நாள். பளபளக்கிற புது நோட்டு முப்பது, சுற்றிலும் கூட்டம், நடுவில் வாயடைத்து நிற்கிற ஒரு சாமோக்காரன். அந்தக் காட்சியை மனத்துக்குள் நூறு தடவை ஓட்டிப் பார்த்திருந்தார். சுருட்டி விட்டால் நோட்டு தானே நிமிருமாம் என்று யாரோ சொன்னார்கள். அதையும் சேர்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தோறும் பர்னபே வருவார்.

"வந்துடுச்சாடா என் பணம்?"

"அச்சாகிட்டு இருக்குடா. உன் மூஞ்சியப் போட்டு அடிக்கிறாங்க. நாய் மூஞ்சி, மை ரொம்பச் செலவாகுதாம்."

"பருத்திய விட்டுட்டுப் பிளாஸ்டிக்கா அடிச்சா நான் காவல் காத்த பஞ்செல்லாம் எங்கடா போகும்?"

"உன் காதுல அடைச்சுக்க."

சந்தையில் இது ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. காசு தராமல் இழுத்தடிக்கிறவனைப் பார்த்தால் "என்னப்பா, பிளாஸ்டிக் வரட்டும்ங்கிறியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். வெங்காயக்காரிகள் கூடச் சொன்னார்கள். லசானேக்குப் பெருமை தாங்கவில்லை. ஊர் பேசுகிற பேச்சையே உண்டாக்கிவிட்டேன் பார், அதுவும் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவன் என்பார்.

இந்த வருஷம் மார்ச் மாசத்தில் பர்னபே எப்போதும் ஓட்டி வருகிற சைக்கிள் இல்லாமல் நடந்து வந்தார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நிழலில் பலகையில் உட்கார்ந்து, வந்த ஈரலைத் தொடாமல், "டேய் அடிமை, இந்தத் தடவை நெசமாவே வேணும்டா" என்றார். "மூத்திரம் சரியாப் போக மாட்டேங்குது. அறுக்கணும்ங்கிறார் டாக்டர்."

லசானே கத்தியைத் தீட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். சுற்றிலும் ஏழெட்டு பேர் நின்றிருந்தார்கள். எல்லார் முகமும் அவர் வாயைப் பார்த்துக் காத்திருந்தது.

"நாய் வால் குறுக்கே மாட்டிக்கிச்சாடா?"

சிரிப்பு. பர்னபேயும் அந்தச் சிரிப்புக்கு உள்ளேதான் இருந்தார். வெளியே நிற்க அவருக்கும் தெரியவில்லை. நாற்பது வருஷ வழக்கம், நாக்கு தானாகவே திருப்பிக் கொடுத்தது. "நாயா இருந்தா குரைச்சிருக்குமே. இது கழுதைடா, உள்ளேருந்து உதைக்குது."

மறுபடி சிரிப்பு. பர்னபே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஏப்ரலில் மறுபடி வந்தார். இந்தத் தடவை பேச்சு வேண்டாம் என்று நினைத்து, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டுவந்திருந்தார். அறுவைக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, எல்லாம் அதில் இருந்தது. சீட்டை லசானே கையில் கொடுத்துவிட்டு நின்றார். லசானே அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். அவருக்கு எல்லா எழுத்தும் எறும்பு வரிசைதான். படிக்கத் தெரியாது என்று கூட்டத்துக்கு முன்னால் காட்டிக்கொள்ள அவருக்கு ஆகாது.

"இதுல பிளாஸ்டிக் எங்கடா இருக்கு?" என்றார். சீட்டைப் பலகையில் விரித்தார். சுட்ட கறியில் நான்கு துண்டை அதன்மேல் வைத்து, மிளகாய்ப் பொடி தூவி, அழகாக மடித்துப் பர்னபே கையில் வைத்தார். "இந்தா, உன் கடன். மிச்சம் வங்கி தரும்."

அந்த மாதிரி ஒரு சிரிப்பு அந்த இடத்தில் அதற்கு முன் எழுந்ததில்லை. வண்டிக்காரன் ஒருவன் தரையில் உட்கார்ந்தே விட்டான். பர்னபேயும் சிரித்தார். கறியை எடுத்துப் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கொடுத்தார். சீட்டை உள்ளங்கையால் துடைத்து, துடைக்கத் துடைக்கக் கொழுப்பு பரவ, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மே மாசக் கடைசியில் மூன்றாவது தடவை. உடம்பு பாதியாகியிருந்தது, கால் வீங்கியிருந்தது. பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டேய்" இல்லை, "அடிமை" இல்லை.

"லசானே அண்ணே," என்றார். "பணத்தைக் குடுங்க அண்ணே."

லசானேயின் கையில் இருந்த கம்பி நழுவியது. ஒரு நொடி அவருக்குள் ஏதோ இடறியது. இந்த ஆள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அவர் கேட்டதே இல்லை. ஆனால் அந்த ஒரு நொடிக்குள் பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். லசானேக்கு நெஞ்சு லேசாயிற்று. ஓ, அப்படியா! இவன் இதுவரைக்கும் ஆடினதிலேயே பெரிய ஆட்டம் இதுதான்.

"அடேயப்பா! கேட்டீங்களா? நாய்தின்னி எனக்கு மரியாதை குடுக்கிறான்! மழை வரப்போகுது, துணியெல்லாம் எடுத்து உள்ளே போடுங்க!" கையைக் கூப்பிக்கொண்டு பர்னபேக்கு முன்னால் வளைந்து குனிந்தார். "ஐயா, பெரியவங்களே, தங்கள் பணம் தயாராகிக்கிட்டிருக்கு. பிளாஸ்டிக் காயட்டும் ஐயா!"

பர்னபேயின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அதையும் சிரிப்பு என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் பர்னபேயின் அண்ணன் பிரான்சுவா தோயே ஆள் அனுப்பினார். "பர்னபே போயிட்டார்" என்று வந்தவன் சொன்னபோது லசானே கறி கோத்துக்கொண்டிருந்தார். "செத்த மாதிரி படுத்தா நான் டப்பாவைத் திறந்துடுவேன்னு பாக்கிறானா? போய் எழுந்திரிக்கச் சொல்லு" என்றார். வந்தவன் சிரிக்கவில்லை. சாவுச் சேதி சொல்ல வருகிறவன் செய்வது போலச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் லசானே கம்பியைக் கீழே வைத்தார்.

சாமோ வீட்டுச் சாவில் மோசிக்காரனுக்கு வேலை உண்டு. அழக் கூடாது. அழுகிறவர்களை அழ விடவும் கூடாது. சவப்பெட்டியை மறிக்க வேண்டும், செத்தவரைப் போல நடந்து காட்ட வேண்டும், குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு காசு கொடுத்தால்தான் எழுவேன் என்று அடம் பிடிக்க வேண்டும். சாவை அப்படித்தான் கொஞ்சம் லேசாக்கி மண்ணுக்குள் அனுப்புவது. லசானே அதில் கெட்டிக்காரர். பர்னபே சாவுக்கு அவர் வராவிட்டால் யார் வருவார்கள்?

பத்து மோசிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, கயிற்றில் ஒரு நாயைக் கட்டி இழுத்துக்கொண்டு, தகரத்தைத் தட்டிக்கொண்டு போனார். "எங்க அடிமை எங்களைக் கேக்காம செத்துட்டான்! யாரு இனி எங்க வயலை உழுவா? இந்த நாய்ங்களையெல்லாம் இனி யாரு திம்பா?" ஆணியில் தொங்கிய காவல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து முற்றம் முழுக்க நடந்தார். அச்சு அசல் பர்னபே. அழுதுகொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துவிட்டு இன்னும் சத்தமாக அழுதார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் செம்மண் குழி வெட்டி வைத்திருந்தார்கள். பாதிரியார் ஜெபம் முடித்து ஒதுங்கினார், அவருக்கும் வழக்கம் தெரியும். லசானே குழிக்குள் குதித்து மல்லாந்து படுத்தார்.

"எழுந்திரிக்க மாட்டேன்! இந்தச் செத்த பய எனக்குக் கடன் பாக்கி! மூணு லட்சம்! எண்ணி வெச்சாத்தான் எழுந்திரிப்பேன்!"

கரையில் நின்ற கூட்டம் ஆர்ப்பரித்தது. கடன் யாருக்கு யார் தரவேண்டும் என்று தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. "பிளாஸ்டிக்காவா, காகிதமாவா?" என்று எவனோ கத்தினான். ஐம்பது பிராங்க், நூறு பிராங்க் காசுகள் குழிக்குள் விழுந்தன. "பத்தாது! பத்தாது!" என்று லசானே காலை உதைத்தார்.

அப்போது குழியின் ஓரத்துக்கு ஒரு முகம் வந்தது. பர்னபேயின் மனைவி பெர்பெத்து. அந்த அம்மா லியேலே இனத்தவர். மோசிக்காரர்களோடு அவர்களுக்குக் கேலிமுறை கிடையாது. ஆகையால் அவர் சிரிக்க வேண்டியதில்லை. கணவரின் சட்டைப் பையிலிருந்து எடுத்த ஒரு சீட்டு அவர் கையில் இருந்தது. அதில் எண்ணெய்க் கறை பரவியிருந்தது.

"பெரியவரே," என்றார். கத்தவில்லை. "ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் கேட்டாங்க. ஆட்டை வித்தோம், சைக்கிளை வித்தோம். தொண்ணூறாயிரம்தான் சேந்துச்சு. உங்ககிட்ட மூணு தடவை வந்தார்."

குழிக்குள் லசானேயின் கால் அப்படியே நின்றது.

"நான்தான் அனுப்பினேன். சிரிக்காம சொல்லுங்க, பேர் சொல்லிக் கேளுங்கன்னு சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்து 'அவன் சிரிச்சான், நானும் சிரிச்சுட்டேன்'னு சொன்னார். நானே போய்க் கேக்கிறேன்னேன். விடல. பொண்டாட்டிய அனுப்பி வசூல் பண்ணின சாமோன்னு ஊர் பேசும்னார்."

தகரம் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. நாய் மட்டும் எதையோ முகர்ந்துகொண்டிருந்தது. லசானே எழுந்து உட்கார்ந்தார், குழியின் கரையைப் பிடித்தார். எப்போதும் நாலு பேர் கை கொடுத்துத் தூக்குவார்கள். இன்றைக்கு யாரும் கை கொடுக்கவில்லை. மண் சரியச் சரிய, முழங்காலால் தவழ்ந்து அவரே ஏறி வந்தார். தொப்பியைக் கழற்றிப் பெட்டியின்மேல் வைத்தார்.

பிரான்சுவா வந்து அவர் தோளைத் தொட்டார்.

"லசானே, மனசுல வெச்சுக்காதே. இது நமக்குள்ள இருக்கிற வழக்கம். எங்க ஆளுங்க ஒருத்தரும் உன்மேல கோபப்பட மாட்டாங்க. கோபப்படக் கூடாது."

அதைத்தான் லசானேயால் தாங்க முடியவில்லை. யாராவது செருப்பால் அடித்திருக்கலாம். ஒருத்தனாவது கொலைகாரப் பாவி என்று கத்தியிருக்கலாம். அத்தனை சாமோக்காரர்களும் கையைக் கட்டிக்கொண்டு, கோபப்படக் கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவரோடு வந்த மோசிக்காரர்கள் நாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஒவ்வொருவராக நழுவினார்கள்.

பெட்டி இறங்கியதை அவர் பார்க்கவில்லை. சந்தைக்கு நடந்தார். நாலு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன, வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். "என்ன லசானே, குழிக்குள்ள எவ்வளவு தேறிச்சு?" என்று ஒருவர் கேட்டார். லசானே கரி மூட்டையைப் புரட்டித் தள்ளினார். டப்பாவை எடுத்து, புழுதியோடு மார்பில் அணைத்துக்கொண்டார். அதைத் தூக்க ஒரு கை போதும். எத்தனை நாள் இந்தக் கரிக்குப் பின்னால் சும்மா கிடந்தது என்று எண்ணிப் பார்க்க முயன்றார். ஒரு வெள்ளிக்கிழமைக்கு மேல் எண்ண முடியவில்லை. மோட்டார் சைக்கிள் இருந்தது, அதில் ஏறத் தோன்றவில்லை. வெயிலில் நடந்தே திரும்பினார்.

பர்னபே வீட்டு முற்றத்தில் பலகைகள் போட்டிருந்தார்கள். சுரைக்குடுவையில் சோளக்கள் சுற்றி வந்துகொண்டிருந்தது, பெரிய சட்டியில் கம்பங்களி இருந்தது. லசானே உள்ளே வந்ததும் பேச்சு அடங்கியது. மூலையிலிருந்த ஒரு மோசிக் கிழவர் எதையாவது சொல்லி அந்த அமைதியை உடைக்கவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "பிளாஸ்டிக் வந்துடுச்சா லசானே?" என்றார். ஒருவர் கூடச் சிரிக்கவில்லை. அந்தக் கிழவரே தலையைக் குனிந்துகொண்டார்.

பெர்பெத்து பாயில் உட்கார்ந்திருந்தார். லசானே அவர் முன்னால் தரையில் குந்தினார். பெரியவர்கள் முன்னால் குந்துகிற மாதிரி, முழங்கை இரண்டும் தொடையில் படியக் குந்தினார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். படிக்கத் தெரியாது அம்மா, அந்தச் சீட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதை மட்டுமாவது சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தார். ஊர் முழுக்கத் தெரிந்தும் அவர் வாயால் ஒரு நாளும் ஒத்துக்கொண்டிராத விஷயம் அது.

"எனக்குப் படிக்கத்..." என்று தொடங்கினார்.

பெர்பெத்து காத்திருந்தார். பிறகு, கேட்டு என்ன ஆகப்போகிறது என்பது போல வலது கையை நீட்டினார். திட்டவில்லை, அழவில்லை. உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது. விரல் நுனிகளில் இன்னும் செம்மண் ஒட்டியிருந்தது.

லசானே டப்பாவைத் திறந்தார். நோட்டுகள் கரி வாடையோடு ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து, தொடையில் வைத்துத் தேய்த்து நேராக்கி, அந்தக் கையில் வைத்தார். சத்தமாகத்தான் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. பன்னிரண்டில் நிறுத்தி, ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு நோட்டை ஊதிப் பிரித்து, பதின்மூன்றிலிருந்து எண்ணினார். இருபதுக்கு மேல் கட்டு அந்த அம்மாவின் கையிலிருந்து சரியப் பார்த்தது. அவர் இடது கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

"இருபத்தெட்டு. இருபத்தொன்பது."

கடைசி நோட்டை வைத்தார்.

"முப்பது."